குருதி சிந்தாத சாட்சியம்: மராத்திய மண்ணில் மதமாற்றமும் துன்பத்தின் பொருளும்

கிறித்தவ நம்பிக்கைக்காக உயிர் துறந்தவரைத் தமிழ் மூன்று சொற்களால் அழைத்து வந்திருக்கிறது. சீர்திருத்தத் திருச்சபையாரிடம் ‘இரத்தசாட்சி’ என்ற சொல் பெருவழக்கு. கத்தோலிக்க மரபில் முன்பு ‘வேதசாட்சி’ என்றார்கள். இன்று ‘மறைசாட்சி’ என்கிறார்கள். மூன்றிலும் பொதுவாக நிற்பது ‘சாட்சி’ என்னும் பகுதியே. கிரேக்க மூலச்சொல்லான ‘மார்த்துஸ்’ என்பதற்கும் முதற்பொருள் சாட்சி கூறுபவர் என்பதுதான். நீதிமன்றத்தில் தான் கண்டதைச் சொல்பவர் யாரையும் அச்சொல் குறித்தது. சாட்சி சொன்னதற்காக மக்கள் கொல்லப்பட்ட காலத்தில்தான் அச்சொல்லில் குருதி தோய்ந்தது.

இந்தச் சொல்வரலாறு ஓர் ஆய்வுக் கேள்வியை எழுப்புகிறது. குருதி சிந்தாத இடத்தில் சாட்சியம் எந்த வடிவம் கொள்கிறது? வாளும் சிறையும் இல்லாமல், உண்ணும் இலையிலும் குடிக்கும் நீரிலும் வாரிசுரிமையிலும் மணவாழ்விலும் நிகழும் துன்பத்திற்குப் பொருள் தேடியவர்கள் அதை எங்கிருந்து பெற்றார்கள்? 19ஆம் நூற்றாண்டின் மராத்திய நிலம் இக்கேள்விக்கு வளமான சான்றுகளைத் தருகிறது. அங்கு மதம் மாறியவர்களில் சிலர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார்கள். அவர்களுள் ஒருவர், தம்முடையதல்லாத நம்பிக்கைக்காகத் துன்புற்ற காலத்தையும் எழுதிவைத்தார்.

முதலில் அத்துன்பம் செயல்பட்ட முறையைக் காண வேண்டும். தருமசாத்திர மரபில் ‘கடஸ்போடம்’ என்றொரு சடங்கு உண்டு. சாதியிலிருந்து விலக்கப்படுபவர் உயிரோடு இருக்கும்போதே, இறந்தவருக்குச் செய்வதுபோல நீர்க்குடத்தைக் கவிழ்த்து உறவை முடித்துக்கொள்ளும் சடங்கு அது. ஒவ்வொரு மதமாற்றத்திலும் அச்சடங்கு நடந்ததென்று கொள்ளத் தேவையில்லை. அதன் தருக்கமே வீட்டின் தருக்கமாக இருந்தது. மதம் மாறியவர் உயிருடன் இருந்தும் பந்தியில் இல்லாதவர். அவரோடு உண்டவரும் விலக்குக்கு உரியவர். ஆகவே தண்டனை ஒருவரோடு நிற்காமல் தாய்க்கும் மனைவிக்கும் மணமாகாத தங்கைக்கும் பரவியது.

1839ஆம் ஆண்டு பம்பாயில் ஜான் வில்சனின் பள்ளியில் பயின்ற பார்சி இளைஞர் இருவர் திருமுழுக்குப் பெற்றபோது விவகாரம் நீதிமன்றம்வரை சென்றது. தன்ஜிபாய் நவ்ரோஜி தம் விருப்பப்படி வாழலாம் என்று நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு மதம் மாறியவர் பக்கம் நின்றது. ஆனால் அவர் திரும்பிச் செல்ல வீடு இல்லை. 1843இல் நாராயண் சேஷாத்ரி என்னும் பிராமண இளைஞர் கிறித்தவரானார். அவருடைய தம்பி ஸ்ரீபத், சிறுவன் என்பதால் பெற்றோரிடமே ஒப்படைக்கப்பட்டான். கிறித்தவர்களோடு உணவுண்டிருந்த அச்சிறுவனைப் பிராயச்சித்தம் செய்வித்துச் சாதியில் மீண்டும் சேர்க்கலாமா என்ற வினா பெரும் பூசலாக வெடித்தது. மராத்தி இதழியலின் முன்னோடியான பால்சாஸ்திரி ஜாம்பேகர் அவன் சார்பில் நின்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். சாதியின் கதவு வெளியே செல்வோருக்கு எளிதில் திறந்து, உள்ளே வருவோருக்கு இறுக மூடிக்கொண்டது என்பதை இவ்வழக்கு காட்டியது.

அரசு தலையிட்டது. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம், மதத்தைத் துறந்தாலோ சாதியை இழந்தாலோ ஒருவரின் சொத்துரிமையும் வாரிசுரிமையும் பறிபோகா என்று விதித்தது. 1866ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் மணவாழ்வைத் தொட்டது. கிறித்தவராக மாறியவரின் துணை, மதமாற்றத்தைக் காரணம் காட்டி ஆறு மாதம் உடன்வாழ மறுத்தால், மதம் மாறியவர் மணமுறிவு கோர அது வழி செய்தது. இரண்டு சட்டங்களும் ஒரே எண்ணைத் தாங்கி நிற்பது தற்செயல். வீடு எந்த இரு இடங்களில் பிளந்தது என்பதை, அதாவது நிலத்திலும் படுக்கையறையிலும் என்பதை, அவை சேர்ந்து காட்டுவது தற்செயலன்று.

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். ஆள்வோரின் மதத்தில் சேர்ந்தவர்களின் இன்னலை ‘துன்புறுத்தல்’ என்று அழைக்கலாமா? உரோமைப் பேரரசின் அரங்கில் விலங்குகளுக்கு இரையானவர்களையும், ஆங்கில அரசின் சட்டப் பாதுகாப்பில் வாழ்ந்த பம்பாய் மாகாணத்துக் கிறித்தவர்களையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கக் கூடாது என்பதே நேர்மையான விடை. மிஷன் பள்ளியும் மிஷன் சம்பளமும் அரசின் சட்டமும் மதம் மாறியவருக்குப் பின்னால் நின்றன. சாதிச் சமூகத்தின் சினத்தில் அந்நிய ஆட்சியின்மீதான அச்சமும் கலந்திருந்தது. ஆயினும் இம்மறுப்பு ஒன்றைக் காணத் தவறுகிறது. சட்டம் நிலத்தில் பங்கு வாங்கித் தரலாம். தாயின் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தர அதனால் இயலாது. பெயரளவில் வென்ற வழக்கின் பின்னும் எஞ்சிய அந்த இழப்புக்கே மதம் மாறியவர்கள் பொருள் தேட வேண்டியிருந்தது.

பாபா பதமன்ஜி (1831–1906) கண்டடைந்த பொருள் அவருடைய தன்வரலாற்றின் தலைப்பிலேயே இருக்கிறது. பெல்காமில் பிறந்து, 1854இல் அங்கேயே திருமுழுக்குப் பெற்ற அவர், 1888இல் வெளியிட்ட நூலுக்கு ‘அருணோதய’ என்று பெயரிட்டார். அருணோதயம் சூரியன் தோன்றுமுன் வானம் சிவக்கும் வேளை. இந்தப் படிமத்தில் துன்பம் இரவின் பகுதி. விடிந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. சீர்திருத்தத் திருச்சபை மரபின் மனமாற்றக் கதைகள் அனைத்துக்கும் பழக்கமான அமைப்பு இது. விதவைகளின் அவலத்தை மையமாகக் கொண்ட ‘யமுனா பர்யடன்’ என்னும் கதைநூலை 1857இலேயே எழுதியவர் பதமன்ஜி. பிறர் துன்பத்தைக் காணும் கண் அவருக்கு இருந்தது. ஆனால் ‘இரவு, விடியல்’ என்னும் சட்டகம் எல்லாவற்றையும் முன்பின்னாக அடுக்கிவிடுகிறது. விடிந்த பிறகும் தொடரும் வலிக்கு அதில் இடம் குறைவு.

பண்டித ரமாபாயின் (1858–1922) வாழ்க்கை அந்த அடுக்குக்குள் அடங்க மறுக்கிறது. கொள்கைக்காக இன்னலுறுவது அவர் கிறித்தவத்தில் கற்ற பாடமன்று. அவர் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே தம் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காகப் பண்டிதர்களின் கண்டனத்துக்கு ஆளானவர். புராணம் ஓதியபடி தலந்தோறும் அலைந்த அக்குடும்பம் 1870களின் பஞ்சத்தில் சிதைந்தது. தந்தையும் தாயும் தமக்கையும் அடுத்தடுத்து மாண்டனர். நோன்பும் தீர்த்தமும் தானமும் செய்தும் பசி தீரவில்லை. ரமாபாயின் ஐயம் எந்த மிஷனரியின் வாதத்தாலும் தொடங்கவில்லை; அது அங்கே தொடங்கியது. 1880இல் தமையனையும், 1882இல் கணவர் விபின் பிகாரி தாஸையும் இழந்தபோது அவருக்கு எஞ்சியது மனோரமா என்னும் கைக்குழந்தை மட்டுமே.

1883 செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்தின் வாண்டேஜில் அவர் திருமுழுக்குப் பெற்றார். இங்கிருந்து அவருடைய இன்னலுக்கு இரண்டு முகங்கள். ஒருபுறம், மகாராட்டிரத்தில் அவரைக் கொண்டாடியவர்கள் துரோகி என்றனர். ஜோதிராவ் புலே போன்ற மிகச் சிலரே வெளிப்படையாக அவருக்காக எழுதினர். மறுபுறம், அவரை வரவேற்ற திருச்சபையே அவரை வளைக்க முயன்றது. திரித்துவக் கோட்பாட்டை உடனே ஏற்காமல் அவர் கேள்வி கேட்டதும், புலாலுண்ண மறுத்ததும் ஆணவம் எனப்பட்டன. ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் சொல்வதற்கு இந்தியாவிலிருந்த ஆயர்கள் தடை கூறினர். சகோதரி ஜெரால்டினுக்கு அவர் எழுதிய கடிதங்களில் கீழ்ப்படிதல் என்னும் சொல்லோடு நடந்த நீண்ட போராட்டம் பதிவாகியிருக்கிறது. மனச்சான்றின்பொருட்டுச் சாதியை விட்டு வந்தவர், அதே மனச்சான்றை மடத்தலைமையிடம் ஒப்படைக்க ஒப்பவில்லை.

1889 மார்ச்சில் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கியபோது மதச்சார்பின்மைக்கு அவர் உறுதியளித்திருந்தார். ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். சதனம் புனேக்கு மாறிய பின், அவருடைய தனிவழிபாட்டில் மாணவியர் சிலர் தாமாக வந்து அமர்ந்தது புயலைக் கிளப்பியது. கதவை மூடிக்கொண்டு செபிக்கலாமே என்பது எதிர்த்தரப்பின் வாதம். தம் வீட்டில் தம் அறைக்கதவைத் தாம் ஏன் மூட வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. 1893இல் குழுவினர் விலகினர். பல மாணவியர் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டனர். பெற்றோரின் அச்சத்தையும் பொருளற்றதென்று ஒதுக்க முடியாது. மாணவியர் இளம் பெண்கள். நிறுவனத்தலைவியின் செல்வாக்கு சிறிதன்று. மனச்சான்றின் உரிமையும் பாதுகாவலரின் கடமையும் அங்கே உண்மையாகவே மோதின.

1907இல் எழுதிய சாட்சியநூலில் ரமாபாய் தரும் காலக்கணக்கு கவனத்திற்குரியது. திருமுழுக்கில் தமக்குக் கிடைத்தது கிறித்துவின் மதமே என்றும், கிறித்துவையே கண்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் என்றும் அவர் பிரித்துச் சொல்கிறார். இக்கூற்றை ஊன்றி நோக்கினால், இடைப்பட்ட காலத்தில் அவர் பட்ட இன்னல்களுக்கு அன்று அவரிடம் ஆயத்தமான பொருள் இருக்கவில்லை என்று ஆகிறது. பொருள் தெரிந்ததால் அவர் தாங்கினார் என்று சொல்ல இயலாது. தாங்கியபடியே செயலாற்றினார், பொருள் பின்னால் வந்தது. 1896–97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களுக்குச் சென்று ஆதரவற்ற பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வந்து, புனேக்கு அருகிலுள்ள கேட்காவில் முக்தி சதனத்தை நிறுவினார். இருபது ஆண்டுகளுக்கு முன் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பெண், பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பெண்களைத் தேடிச் சென்றார். தம் பழைய பசிக்கு அவர் அளித்த பொருள் அந்த இல்லத்தின் சமையலறையிலும் நெசவுக்கூடத்திலும் அச்சகத்திலும் இருந்தது. 1921இல் மகள் மனோரமாவும் இறந்தார். தாயோ எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து விவிலியத்தை எளிய மராத்திக்குக் கொண்டுவரும் பணியை விடாமல் தொடர்ந்து, 1922 ஏப்ரலில் மறைந்தார்.

மூன்றாவது வழி நாராயண் வாமன் திலக்குடையது (1861–1919). அவர் கொங்கணத்தில் பிறந்த சித்பாவன பிராமணர், கவிஞர். 1893இல் நாசிக்கிலிருந்து ராஜ்நாந்த்காவுக்குச் சென்ற இரயில் பயணத்தில் ஐரோப்பியர் ஒருவர் அவரிடம் புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் நீங்கள் கிறித்தவராவீர்கள் என்றும் சொன்னார் என்பது திலக் தாமே கூறிவந்த செய்தி. 1895 பிப்ரவரி 10 அன்று பம்பாயில் அவர் திருமுழுக்குப் பெற்றார். வேலையும் உறவும் ஊரும் ஒருசேரக் கைவிட்டன.

திலக் தம் துன்பத்தைப் பொருள்கொண்ட மொழி மேலைநாட்டு மிஷனரிகளுடையதன்று, வார்க்கரி அடியார்களுடையது. துக்காராமின் வழியே தாம் கிறித்துவிடம் வந்ததாக அவர் கருதினார். அந்த ஒப்பீடு ஆழமானது. 17ஆம் நூற்றாண்டின் கொடிய பஞ்சத்தில் மனைவியையும் வணிகத்தையும் இழந்தவர் துக்காராம். அவருடைய பாடல்கள் இந்திராயணி ஆற்றில் ஆழ்த்தப்பட்டதாக மரபு சொல்கிறது. இழப்பு இறைவனின் சினத்திற்கு அடையாளம் என்று அம்மரபு கொள்வதில்லை. பற்றுகள் அறுந்த இடத்தில் அவன் நெருங்கி வருகிறான் என்கிறது. பவுலடியார் கிறித்துவின் பாடுகளில் பங்குபெறுதல் என்று சொன்னதை, திலக் அபங்க யாப்பிலும் பஜனையிலும் மராத்தியரின் செவிக்குப் பழக்கமான விரகமாக மாற்றினார். 1917இல் மிஷன் சம்பளத்தையும் துறந்து, காவியுடுத்திய கிறித்தவத் துறவியாகச் சாதாராவில் வாழத் தலைப்பட்டார். ஆதாயத்துக்காக மதம் மாறியவர் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான விடையை ஒரு மனிதர் தம் வாழ்வால் சொல்ல முடியாது.

ஆனால் இக்கதை இங்கே முடிந்தால் முழுமை பெறாது. 1895இல் திலக்கின் மனைவி இலட்சுமிபாய் (1868–1936) கிறித்தவர் அல்லர், ஆகவும் விரும்பவில்லை. பதினோரு வயதளவில் மணமுடிக்கப்பட்டவர். மடி, தீட்டு என்பவற்றில் வெறிகொண்ட தந்தையின் வீட்டில் வளர்ந்தவர். கணவரின் திருமுழுக்குச் செய்தி வந்த நாளில் அவர் கைம்பெண்ணும் அல்லர், சுமங்கலியும் அல்லர் என்ற, சாத்திரத்தில் பெயரில்லாத ஒரு நிலைக்குத் தள்ளப்பட்டார். சிறுவயது மகனோடு உறவினரை அண்டி நாசிக்கிலும் பண்டரிபுரத்திலுமாக நான்கைந்து ஆண்டுகள் கழிந்தன. கணவரின் துன்பத்துக்குப் பின்னால் அவர் தெரிந்தெடுத்த நம்பிக்கை இருந்தது. மனைவியின் துன்பத்துக்குப் பின்னால் அவர் தெரிந்தெடுத்தது எதுவுமில்லை. கணவர் சிலுவையைத் தாமே தூக்கினார். மனைவியின் தோளில் அது வைக்கப்பட்டது.

1866ஆம் ஆண்டுச் சட்டம் திலக்குக்கு மணமுறிவின் கதவைத் திறந்து வைத்திருந்தது. அவர் அதன் வழியே செல்லவில்லை, காத்திருந்தார். இறுதியில் இலட்சுமிபாய் அகமதுநகரில் அவரிடம் திரும்பியபோது நம்பிக்கையால் திரும்பவில்லை, மனைவியாகத் திரும்பினார். தமக்கெனத் தனி அடுப்பும் தனி நீரும் வைத்துக்கொண்டார். திலக் அதற்கு உடன்பட்டார். ஒரே வீட்டில் இரண்டு பானைகள் இருந்த அந்தக் காலம், மதமாற்ற வரலாற்றின் மிகப் பண்பட்ட காட்சிகளுள் ஒன்று. அவர் மனத்தில் முதலில் உடைந்தது இந்துமதம் அன்று, சாதி. மனிதரை மேல் கீழென்று பிரித்தது கடவுளாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு அவர் தாமாகவே வந்தார். அதன் பின்னரே, 1900இல், திருமுழுக்கு.

1934 முதல் நான்கு பகுதிகளாக வெளிவந்த அவருடைய ‘ஸ்மிருதிசித்ரே’ மராத்தித் தன்வரலாறுகளுள் தலைசிறந்த ஒன்றாகப் போற்றப்படுகிறது. இந்நூலில் நம் கேள்விக்கு உரியது, அவர் சொல்லாமல் விட்டதுதான். பிற்காலத்தில் உறுதியான கிறித்தவராக எழுதிய அவர், தம் பிரிவுக்காலத்தைக் கடவுளின் திட்டம் என்று மெருகிட்டிருக்கலாம். எழுதும் வேளையில் கைவசம் இருந்த நம்பிக்கையை, துன்பப்பட்ட வேளையின்மீது போர்த்தியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அழுகை அழுகையாகவே இருக்கிறது. கணவரின் முன்கோபமும் பொறுப்பின்மையும் மறைக்கப்படவில்லை, அன்பும் மறைக்கப்படவில்லை. எல்லாவற்றின் ஊடாகவும் நகைச்சுவை ஓடுகிறது. அவருக்குப் பொருள் தந்தது இறையியல் விளக்கமன்று. ஒருவரையொருவர் காயப்படுத்திய இருவர் மீண்டும் ஒரே பந்தியில் அமர்ந்ததும், ஆதரவற்ற குழந்தைகள் பலர் அந்தப் பந்தியில் சேர்ந்துகொண்டதும்தான். திலக் தொடக்க அத்தியாயங்களோடு விட்டுச் சென்ற ‘கிறிஸ்தாயன’ என்னும் காப்பியத்தின் மீதிப் பெரும்பகுதியை எழுதி முடித்தவரும் இலட்சுமிபாயே.

இந்நால்வரின் எழுத்தும் கிடைப்பதற்கு ஒரு சமூகக் காரணம் உண்டு. அவர்கள் எழுத்தறிவுக்கு உரிமை பெற்ற சாதியினர், அல்லது நகரக் கல்வி பெற்றவர்கள். அதே அகமதுநகர் வட்டாரத்தில் அமெரிக்க மராத்தி மிஷனில் சேர்ந்த மகார், மாங்கு மக்கள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். அவர்கள் இழப்பதற்கு உயர்சாதிப் பந்தி இருக்கவில்லை. ஊர்ச்சேவைக்கான மானியமும், வழிவழியாக வந்த தானியப் பங்கும், கிணற்றருகே நிற்கும் இடமும் அவர்களிடம் இருந்தன. அவர்களுடைய இன்னல் மிஷன் அறிக்கைகளில் தொகையாகவும் தொடர்கதையாகவும் வருகிறது. தன்னிலையில் பேசுவது அரிது. துன்பத்துக்குப் பொருள் காணும் உரிமையும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை வரலாற்றாய்வு மறக்கலாகாது. எழுதியவர்களின் பொருளை எழுதாதவர்கள்மீது ஏற்றுவதும் ஒருவகை அபகரிப்பே.

இச்சான்றுகளிலிருந்து சில முடிவுகளைக் கொள்ளலாம். துன்பம் தன்னளவில் பொருளைப் பிறப்பிப்பதில்லை. பஞ்சம் ரமாபாய்க்கு முதலில் அளித்தது வெறுமையே. பொருள் உருவானது பிறரோடு கொண்ட உறவில்: கேட்காவின் பெண்களோடு, வார்க்கரிப் பாடல்மரபோடு, இரண்டு பானைகள் இருந்த வீட்டில். அடுத்து, பொருளைச் சொல்லும் உரிமை துன்புற்றவருக்கே உண்டு. திலக் தம் இழப்பைத் திருப்பாடுகளின் பங்கு என்று சொல்லலாம். இலட்சுமிபாயின் இழப்பை அவர் அவ்வாறு சொல்லிவிட முடியாது. திருச்சபை வரலாறுகள் பலவும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், குடும்பத்தார் அனைவரின் கண்ணீரையும் மதம் மாறியவரின் கணக்கில் வரவு வைத்துவிடுகின்றன. இறுதியாக, உண்மையான சாட்சியம் எதிர்த்தரப்பை அரக்கராக்குவதில்லை. இலட்சுமிபாயின் நூலில் சாதி விலக்கத்துக்கு அஞ்சிய உறவினர்களே அவரையும் மகனையும் தாங்கி உணவளித்தவர்களும்கூட.

நம்பிக்கைக்காகத் துன்புற்றோரின் வரலாறு இன்று இந்தியாவில் இரு முனைகளிலும் கருவியாகிறது. துன்பமே நிகழவில்லை என்பது ஒரு முனை; துன்பம் ஒன்றே நிகழ்ந்தது என்பது மறுமுனை. மராத்திய மண்ணின் இந்தத் தன்வரலாறுகள் இரண்டுக்கும் இடங்கொடுப்பதில்லை. சாட்சி என்பவர் தாம் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்பவர் என்னும் பழைய பொருளுக்கே அவை நம்மை அழைத்துச் செல்கின்றன.